நாலு புள்ளி ஒண்ணு

வெள்ளிக்கிழமை காலையில் அக்கா உள்ளே வந்ததும், செருப்பைக்கூடக் கழற்றாமல் என் முன்னால் கையை விரிப்பார். உள்ளங்கையில் அன்றைய பஸ் டிக்கெட், வியர்வையில் நனைந்து நாலாக மடிந்து கிடக்கும்.

"கடைசி அஞ்சு நம்பரப் படி புள்ள."

நான் படிப்பேன். அந்த நம்பருக்கு உரியவர் யாரோ, அவருக்கு அன்றைக்கு அக்காவிடமிருந்து போன் போகும்.

"டவுன் பஸ்ல பொம்பளைக்குக் காசு இல்ல. ஆனா டிக்கெட்டுல நம்பர் போட்டுத்தானே குடுக்குறான். அத ஏன் வீணாக்கணும்?" என்பார்.

அரியலூரில் பஸ் ஸ்டாண்டை ஒட்டிய ஒரு தெருவில், மருந்துக்கடைக்கு மேலே மாடியில் இருந்தது எங்கள் நுரையீரல் பரிசோதனை நிலையம். மூச்சு வாங்குகிறவர்கள் வரவேண்டிய இடத்தை மாடியில் வைத்த புத்திசாலி யார் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. சுண்ணாம்புக்கல் குவாரி ஆட்கள், சிமெண்ட் மூட்டை ஏற்றுகிறவர்கள், லாரி டிரைவர்கள் எல்லாரும் வருஷத்துக்கு ஒருமுறை படியேறி வந்து ஒரு குழாயில் தம் பிடித்து ஊதிவிட்டுப் போவார்கள். எவ்வளவு காற்றை வெளியே தள்ளினார்கள் என்று லிட்டர் கணக்கில் ஒரு எண் வரும். அதற்குப் பெரிய ஆங்கிலப் பெயர் இருக்கிறது. ஊரில் அதை ஊதல் என்றுதான் சொல்வார்கள். ஒவ்வொரு ஊதலும் கம்ப்யூட்டரில் ஒரு வரி, ஒவ்வொரு வரிக்கும் ஒரு வரிசை நம்பர். அந்த வரிகள் எல்லாம் கிடக்கிற டேட்டாபேஸைப் பார்த்துக்கொள்வது அக்காவின் வேலை. பெரம்பலூரில் படிப்பை முடித்த கையோடு அவருக்கு இரண்டாவது ஆளாக நான் போய்ச் சேர்ந்தேன்.

அக்காவுக்கு ஊர் லப்பைக்குடிக்காடு. வீட்டுக்காரர் சவுதியில். வயது நாற்பதைத் தொட்டிருக்காது. ஆனால் வேலை விஷயத்தில் எழுபது வயது சந்தேகம். கம்ப்யூட்டர் சொல்கிற எதையும் நம்பமாட்டார். பேக்கப் எடுத்து முடிந்ததும் திரையில் 'வெற்றிகரமாக முடிந்தது' என்று வருமல்லவா, அதைப் பார்த்து உதட்டைப் பிதுக்குவார்.

"அதே வேலையச் செஞ்சு, அதே வந்து நல்லாச் செஞ்சுட்டேன்னு சொன்னா ஆச்சா? எங்க வூட்டு மாப்பிள்ளையும் அப்படித்தான் சவுதியிலேருந்து போன்ல சொல்லுவாக, நல்லா சாப்பிட்டேன், நல்லா தூங்குனேன்னு. வந்து நின்னா எலும்பும் தோலுமா இருப்பாக."

அதனால் வெள்ளிக்கிழமைதோறும் ஒரு சடங்கு. ஜன்னலோரம் ஒரு பழைய கம்ப்யூட்டர் கிடந்தது. புதிதாக எடுத்த பேக்கப்பை அதில் ஏற்றி, முழு டேட்டாபேஸையும் ஒன்றுமில்லாததிலிருந்து எழுப்பிப் பார்ப்பார். எழுந்துவிட்டால் டிக்கெட் நம்பர். அந்த நம்பரில் இருக்கிற வரியைத் திறந்து, அதிலுள்ள போனுக்கு அடிப்பார்.

"அஸ்ஸலா... வணக்கங்க. ஊதல் ஆபீஸ்லேருந்து பேசறேன். நீங்க செந்தாமரை தானே? மூட்டை ஏத்துற வேலை. போன மாசி மாசம் வந்து ஊதுனீங்க. ரெண்டு புள்ளி ஒம்போது. சரிதானே?"

அந்தப் பக்கம் பதறுவார்கள். எனக்கு என்ன ஆச்சு, எதுக்குக் கூப்பிடுறீங்க என்று அழுதவர்கள்கூட உண்டு. "ஒண்ணுமில்லம்மா, நீங்க இருக்கீங்களான்னு பாத்தேன்" என்று வைத்துவிடுவார். வைத்த பிறகுதான் அந்த வார பேக்கப்பை நம்புவார். பேர் போட்டு வரி இருக்கலாம். கூப்பிட்டால் ஒரு ஆள் 'ஆமாங்க, நான்தான்' என்று சொல்லவேண்டும். அதுவரைக்கும் அவருக்கு அது வெறும் எழுத்து.

எனக்கு இது சிரிப்பாக இருந்தது. ஒரு சின்ன நிரலில் முடிகிற வேலைக்கு இந்த அம்மா ஊர்ஊராகப் போன் போட்டுக்கொண்டிருக்கிறாரே! "அக்கா, நான் ஒரு ஸ்கிரிப்ட் எழுதறேன். அதுவே எடுக்கும், அதுவே ஏத்தும், அதுவே சரிபார்க்கும். பச்சை விளக்கு எரியும். நீங்க டீ குடிச்சுட்டு இருக்கலாம்" என்றேன்.

"விளக்கு எரியுறதுக்கு நான் எதுக்குடி? கரண்ட் ஆபீஸ்ல ஆள் இருக்காங்க."

பேக்கப் டிஸ்குகள் மொத்தம் நாலு. ஒவ்வொன்றுக்கும் சுடிதார் தைத்து மிஞ்சிய துணியில் அவரே உறை தைத்திருந்தார். பச்சை, மஞ்சள், ஊதா, பூப்போட்டது. இந்த வெள்ளி பச்சை, அடுத்த வெள்ளி மஞ்சள், அப்புறம் ஊதா, அப்புறம் பூப்போட்டது. திரும்பப் பச்சை வரும்போது அதிலிருந்த பழையதன் மேலேயே புதியதை எழுதுவார். ஆகவே எந்த நாளில் எது கெட்டாலும், ஒரு மாதத்துக்கு முந்தைய நிலை வரைக்கும் திரும்பிப் போகலாம். இதை அவர் எனக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே சொன்னார். எனக்குத் தெரியாது என்று பின்னால் நான் சொல்லியிருக்கலாம். தெரியும்.

சனிக்கிழமை கம்ப்யூட்டர்களின் மூடியைக் கழற்றி, காற்றடிக்கிற மெஷினால் உள்ளே படிந்த வெள்ளைத் தூசியை விரட்டுவார். வாரம் ஒரு கைப்பிடி வரும். "இதுக்கும் ஒரு ஊதல் வைக்கணும் புள்ள. நம்மளவிட இது அதிகம் தின்னுது" என்பார். மூக்கில் துப்பட்டாவைச் சுற்றிக்கொண்டு அவர் ஊத, ஜன்னல் வெயிலில் அந்தத் தூசி நின்று ஆடும்.

கலியபெருமாள் அண்ணன் எங்களுக்குப் பழக்கமானதும் ஒரு டிக்கெட்டால்தான். கல்லங்குறிச்சிக்காரர். குவாரியில் துளை போடுகிற மெஷினில் வேலை. அக்காவின் போன் அவருக்குப் போனது நான் சேர்வதற்கு முந்தைய வருஷம். வரிசையின் தொடக்கத்திலேயே இருந்த ஒரு வரி அது, அவர் வேலைக்குச் சேர்ந்த புதிதில் எடுத்த முதல் ஊதல்.

"நாலு புள்ளி ஒண்ணு ஊதியிருக்கீங்கண்ணே" என்று அக்கா படித்தாராம்.

"நாலு லிட்டரா! அப்பல்லாம் லாரி டியூபையே வாயால ஊதிருவேன்மா."

அதற்குப் பிறகு டவுனுக்கு எதற்கு வந்தாலும் அவர் மாடியேறாமல் போகமாட்டார். படியில் மூன்று இடத்தில் நின்று, கைப்பிடிச் சுவரைப் பிடித்து மூச்சு வாங்கிவிட்டு, வாசலில் முகத்தைக் காட்டிக் கேட்பார்:

"என் காத்து பத்திரமா இருக்காம்மா?"

"நாலு டிஸ்குல இருக்கு. நாலுக்கும் சட்ட தச்சுப் போட்டிருக்கேன்."

"எனக்கே மாத்துச் சட்டை மூணுதான். என் காத்துக்கு நாலா?"

ஒருநாள் தயங்கித் தயங்கிச் சொன்னார். வீட்டுக்கு ஓடு மாற்றும்போது பழைய காகிதங்களோடு அந்த முதல் ஊதல் சீட்டும் நனைந்து போய்விட்டதாம். அக்கா கையை வீசினார். "காகிதம் போனா போகுதுண்ணே. இங்க இருக்கு. நான் இருக்கேன்."

அந்த 'நான் இருக்கேன்' எனக்கு அன்றைக்குக் காதில் விழவேயில்லை. நான் அப்போது வேறு ஒன்றில் மும்முரமாக இருந்தேன். டேட்டாபேஸ் மெதுவாகிவிட்டிருந்தது. பேரைப் போட்டுத் தேடினால் ஆள் உட்கார்ந்து கொட்டாவி விட்ட பிறகுதான் பழைய ஊதல்கள் வரும். வாசலில் டிரைவர்கள் சத்தம் போடுவார்கள், "ஊதறதுக்குள்ள மூச்சே போயிடும் போல" என்று. மேனேஜர் சார் ஒருநாள் என்னை மட்டும் கூப்பிட்டார்.

"நீ படிச்ச புள்ள. எவ்வளவு வருஷத்துக் குப்பைம்மா அது? பழசெல்லாம் தூக்கு."

"அக்காகிட்ட..."

"அந்தம்மா ஒரு வரியக்கூட விடாது. நீ செய்யி."

எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அக்கா தன் தங்கச்சி மகள் நிக்காஹுக்கு லீவு போட்ட சனிக்கிழமை மத்தியானம், ஒரு கை புரோட்டாவில் இருக்க மறுகையால் அதை எழுதினேன். ஒவ்வொரு ஆளுக்கும் கடைசி மூன்று ஊதல் போதும், மற்றதை அழி. என்ன அழகான நிபந்தனை என்று எனக்கு நானே பூரித்தேன். யாரும் காணாமல் போகமாட்டார்கள், எல்லாருக்கும் மூன்று வரி மிஞ்சும். அழிப்பதற்கு முன்னால் பழையதைத் தனியாக எடுத்து ஒதுக்கி வைக்கவேண்டும். பாடத்திலேயே இருக்கிறது அது. அக்காவின் நாலு டிஸ்கு இருக்கிறதே என்று விட்டுவிட்டேன். அதிக வருஷம் வேலை செய்து, அதிக முறை வந்து ஊதியவர்களுக்குத்தான் அதிக வரி போகும் என்பது அந்த நிபந்தனையிலேயே இருந்தது. எனக்குப் படவில்லை.

திங்கட்கிழமை பெயரைத் தட்டியதும் திரை பொட்டென்று திறந்தது. சொல்லத்தான் வாயெடுத்தேன். அதற்குள் அக்காவே துள்ளிக் குதித்தார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவர் இண்டெக்ஸ்களைப் புதிதாகக் கட்டிவிட்டுப் போயிருந்தார். புத்தகத்தின் பின்னால் இருக்குமே, எந்தச் சொல் எந்தப் பக்கம் என்று, அதுபோன்றது. அதை அடிக்கடி சீராக்கவேண்டும்.

"பாத்தியாடி! சீராக் கட்டுனா எப்படிப் பறக்குது பாத்தியா! ஸ்கிரிப்ட் ஸ்கிரிப்ட்னியே!" நிக்காஹ் வீட்டு மருதாணி சிவந்த கையால் என் கன்னத்தைக் கிள்ளி, டப்பாவிலிருந்து ஒரு அல்வாத் துண்டை வாயில் திணித்தார். அந்த அல்வாவோடு நான் சொல்லவந்ததையும் விழுங்கினேன். நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளிவைத்தேன். மறுநாள் சார் என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். அப்புறம் சொல்ல வெட்கமாக இருந்தது. அப்புறம் பயமாக.

முதல் வெள்ளி, பச்சை. டிக்கெட் நம்பரைப் போட்டார். அந்த நம்பரில் வரி இல்லை. எப்போதாவது அப்படி ஆவதுண்டு, யாரோ தப்பாகப் பதிந்து நீக்கியிருப்பார்கள். அப்போது அடுத்த நம்பரைப் பார்ப்பார். பார்த்தார், கிடைத்தது, போன் போட்டார், ஆள் எடுத்தார். நம்பினார்.

இரண்டாவது வெள்ளி, மஞ்சள். இரண்டு நம்பர் தள்ளிப் போகவேண்டியிருந்தது.

மூன்றாவது வெள்ளி, ஊதா. "ஏண்டி, என்ன மாயம் இது? என் டிக்கெட்டெல்லாம் ஓட்டையிலயே போய் விழுது."

"பஸ் மாறி வாங்கக்கா" என்றேன். சிரித்தார். நானும் சிரித்தேன்.

நான்காவது வெள்ளி பூப்போட்ட டிஸ்கை உறையிலிருந்து உருவி, துப்பட்டா நுனியால் துடைத்து, "பிஸ்மில்லா" என்று சொல்லிச் செருகினார். பழையது மேல் புதியது ஏற ஆரம்பித்தது. நான் அழித்த வரிகள் மிஞ்சியிருந்த கடைசி டிஸ்கு அது. அப்போதுகூட ஒரு வார்த்தை போதும். நிறுத்துங்கக்கா. நான் எழுந்துபோய்த் தண்ணீர் குடித்தேன். திரும்பி வந்தபோது அக்கா யாரோ ஒரு வரதராஜன்பேட்டை டிரைவரிடம் போனில் பேசிக்கொண்டிருந்தார். "இருக்கீங்கல்ல, அது போதும். அல்ஹம்துலில்லாஹ்."

திங்கட்கிழமை கலியபெருமாள் அண்ணன் வந்தார். படியில் ஐந்து இடத்தில் நின்றார். வாசலுக்கு வந்தும் வழக்கமான கேள்வியைக் கேட்க முடியவில்லை. அக்கா ஸ்டூலை நகர்த்திப் போட்டார். மூச்சு கொஞ்சம் அடங்கியதும் அண்ணன் சொன்னார். தூசியால் வந்த நோய் என்று சான்று வாங்கினால் சிகிச்சை கிடைக்கும், துளைமெஷினை விட்டு வேறு வேலை கேட்டு வாங்கலாம். டாக்டர்கள் குழுவிடம் போயிருக்கிறார். கடைசி மூன்று ஊதலும் ஒன்றுபோல ஒன்று புள்ளி ஏழு. அதைப் பார்த்துவிட்டு, 'எப்பவுமே இப்படித்தான் இருந்திருக்கு, பீடியா இருக்கும்' என்றார்களாம்.

"நான் பீடி... தொட்டதில்லம்மா. வேலைக்குச் சேந்தப்ப... எப்படி இருந்தேன்னு... சீட்டு கேக்குறாங்க."

"இதுக்கா இப்படிக் கலங்குறீங்க? ஒரு நிமிஷம்" என்று அக்கா கீபோர்டை இழுத்தார்.

மூன்று வரி வந்தது. மறுபடி தட்டினார். மூன்று வரி. நம்பரைப் போட்டார், அவருக்கு அந்த நம்பர் மனப்பாடம். ஓட்டை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பாமலேயே, "சின்னக் கோளாறுண்ணே, டிஸ்குல இருக்கு, செத்த வாசல்ல உக்காந்து டீ குடிங்க" என்றார்.

பச்சையை ஏற்றினார். 'வெற்றிகரமாக முடிந்தது.' ஓட்டை. மஞ்சள். வெற்றிகரமாக முடிந்தது. ஓட்டை. ஊதாவை அவர் உருவும்போது நான் கையைப் பிடித்தேன்.

"அக்கா. நாந்தான்."

முழுவதும் சொன்னேன். அவர் என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன், அறைந்தால்கூட நன்றாயிருக்கும் என்று. அவர் விரலை மடக்கி மடக்கி எண்ணினார். பச்சை, மஞ்சள், ஊதா, பூ.

"பூப்போட்டதுல நான் எப்ப எழுதுனேன்?"

"போன வெள்ளி."

"அப்ப, வியாழக்கிழமை வரைக்கும் இருந்துச்சு."

அவ்வளவுதான் சொன்னார். அப்புறம் பூப்போட்ட உறையை எடுத்து, உள்ளே டிஸ்கு இல்லாமலேயே, மடித்து மடித்துச் சின்னதாக்கி உள்ளங்கையில் வைத்துக்கொண்டார். பஸ் டிக்கெட் போல.

செய்யக்கூடியதெல்லாம் செய்தோம். டிஸ்கைத் திருச்சிக்குக் கொண்டுபோனோம். மேலே எழுதியாகிவிட்டது, கீழே இருந்ததை எடுக்கமுடியாது என்றார்கள். குவாரியில் அவரைச் சேர்த்த ஒப்பந்தக்காரர் போய் வேறொருவர் வந்தாயிற்று, பழைய காகிதம் எதுவும் இல்லை. அக்கா வெள்ளைத்தாளில் கைப்பட எழுதிக்கொடுத்தார்: 'நான் என் கண்ணால் பார்த்தேன், நாலு புள்ளி ஒண்ணு, அவருக்கே போனில் படித்துக் காட்டினேன்.' தாளைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். முத்திரையோடு நிலையத்துச் சீட்டு வேண்டுமாம். முத்திரை மேசை டிராயரில்தான் இருந்தது. சார் சத்தமில்லாமல் சொன்னார், "அடிச்சுக் குடுத்துருங்களேன், யாருக்குத் தெரியப் போகுது?" நான் அக்காவைப் பார்த்தேன். குடுத்துருங்கக்கா, குடுத்துருங்க என்று மனசுக்குள் கத்தினேன். அக்கா முத்திரையைக் கையில் எடுத்தார். நெடுநேரம் வைத்திருந்தார். பிறகு டிராயரில் போட்டார்.

"இல்லாத வரிக்கு முத்திர குத்துனா, இருக்குற வரிய எவன் நம்புவான்?"

அதற்காக அவர்மேல் எனக்குக் கோபம் வந்தது. கேவலம், எனக்கு! இன்றைக்கும் அந்தக் கோபம் முழுசாகப் போகவில்லை.

கலியபெருமாள் அண்ணனிடம் அக்காவேதான் சொன்னார். என் பேரை எடுக்கவில்லை. "நான் பாத்துக்கிட்டேதான் இருந்தேன்ணே. என் கையாலேயே மேல எழுதிட்டேன்." அண்ணன்தான் அக்காவைத் தேற்றினார். "விடும்மா. காத்துதானே."

அடுத்த வெள்ளியிலிருந்து அக்கா டிக்கெட்டை நீட்டுவதில்லை. வேலையில் ஒன்றும் குறைக்கவில்லை. பேக்கப் எடுப்பார், பழைய கம்ப்யூட்டரில் எழுப்புவார், மூடியைக் கழற்றித் தூசி ஊதுவார். ஆனால் போன் மட்டும் ஒரே நம்பருக்கு.

"எப்படிண்ணே இருக்கீங்க?"

கேட்டுவிட்டு விரலை மடக்குவார். முதலில் எனக்குப் புரியவில்லை. அந்தப் பக்கம் அண்ணன் ஒரு மூச்சுக்கு எத்தனை வார்த்தை பேசுகிறார் என்று எண்ணிக்கொண்டிருந்தார். எண்ணியதைக் கலியபெருமாள் பேரில் புது வரியாகப் பதிவார். தேதி போட்டு, குறிப்பு என்கிற கட்டத்தில்: ஒரு மூச்சுக்கு ஏழு வார்த்தை. இரண்டு வாரம் கழித்து ஆறு. ஆடி மாதம் முழுக்க ஐந்திலேயே நின்றது, அக்கா முகம் கொஞ்சம் தெளிந்தது. ஐப்பசி மழையில் மூன்று. எந்தக் குழுவும் ஏற்காத கணக்கு அது. ஒரு வெள்ளிக்கிழமை அவர் ஒரே விரலை மடக்கினார். போனை வைத்துவிட்டு, "அம்மான்னாரு" என்றார். ஒன்று என்று பதிந்தார்.

அதற்கடுத்த வெள்ளி போனை அவர் மனைவி எடுத்தார். அவர் சொன்னதை அக்கா காதில் வாங்கிக்கொண்டே இருந்தார். அன்றைக்கு விரல்களை விரித்தபடியே மேசைமேல் வைத்திருந்தார்.

தை பிறந்ததும் வேலையை விட்டுவிட்டார். போகும்போது நாலு உறையையும் துவைத்துக் காயவைத்து மாட்டிவிட்டுப் போனார். என்னிடம் "வரேன் புள்ள" என்றார். மன்னித்தாரா என்று தெரியாது. அவர் லப்பைக்குடிக்காட்டு நம்பருக்கு இரண்டு முறை அடித்தேன். எடுக்கவில்லை.

இப்போது அது என் வேலை. ஸ்கிரிப்ட் எதுவும் எழுதவில்லை. வெள்ளிக்கிழமை நானும் பேக்கப்பை ஜன்னலோரம் ஏற்றி எழுப்புகிறேன், யாராவது ஒரு டிரைவருக்குப் போன் போட்டு 'ஆமாங்க, நான்தான்' என்று கேட்டுக்கொள்கிறேன். அதற்குப் பிறகு கலியபெருமாள் என்று தட்டிப் பார்க்கிறேன். ஏழு, ஆறு, ஐந்து, மூன்று, ஒன்று. எல்லாம் வருகிறது. பச்சையிலும் வருகிறது, மஞ்சளிலும், ஊதாவிலும், பூப்போட்டதிலும். ஒரு எழுத்து சிதையவில்லை. பக்கத்தில் அவருடைய போன் நம்பரும் இருக்கிறது.